ஃபைப்ரேட்டும் பித்தப்பைக் கல்லும்: மருந்தியல் தேர்வுக்கு நான் படித்த முறை

கொலஸ்ட்ரால் குறைக்கும் மருந்துகளைப் படிக்கும்போது பெரும்பாலான மாணவர்கள் மருந்தின் பெயரையும் அதன் பக்க விளைவுகளையும் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். எழுத்துத் தேர்வுக்கு அது ஓரளவு போதும். ஆனால், "ஃபைப்ரேட் இரத்தக் கொழுப்பைக் குறைக்கிறது என்றால், கொலஸ்ட்ராலால் ஆன பித்தப்பைக் கல் அதே மருந்தால் எப்படிக் கூடுகிறது?" என்று வாய்மொழித் தேர்வில் துணைக்கேள்வி வந்தால் மனப்பாடம் கைகொடுக்காது. ஒவ்வொரு மருந்தையும் எடுக்கும்போது, கல்லீரலிலிருந்து பித்தநீருக்குள் போகும் கொலஸ்ட்ரால் கூடுகிறதா குறைகிறதா என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் படித்ததுதான் எனக்கு உதவியது.

அதற்கு முன் பித்தநீரின் இயல்பு தெளிவாக வேண்டும். நீரில் கரையாத கொலஸ்ட்ராலைப் பித்த அமிலங்களும் லெசித்தின் என்னும் கொழுப்புப்பொருளும் சேர்ந்தே கரைசலில் தாங்கிப் பிடிக்கின்றன. இம்மூன்றின் விகிதம் பிசகும்போது கொலஸ்ட்ரால் படிகமாகப் பிரிகிறது, பித்தப்பை சரியாகச் சுருங்காவிட்டால் அப்படிகங்கள் அங்கேயே தங்கிக் கல்லாக வளர்கின்றன. அட்மிராண்ட், ஸ்மால் ஆகிய இருவரும் 1968இல் வெளியிட்ட முக்கோண வரைபடம் இந்த விகிதத்தையே காட்டுகிறது. அதை ஒருமுறை கையால் வரைந்து பார்ப்பது, பல பக்கக் குறிப்புகளைப் படிப்பதைவிட மேல் என்பது என் கருத்து.

இனி ஃபைப்ரேட். இது பிபிஏஆர்-ஆல்ஃபா என்னும் ஏற்பியைத் தூண்டுகிறது. அதன் விளைவாக, கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றும் பாதையின் முதல் நொதியான 7-ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ் அடங்கிப்போகிறது. பித்த அமிலமாக மாறாத கொலஸ்ட்ரால் அப்படியே பித்தநீருக்குள் போகிறது. ஆக, ஒரு பக்கம் கரைய வேண்டிய பொருள் கூடுகிறது, மறுபக்கம் அதைக் கரைக்கும் பொருள் குறைகிறது. விடைத்தாளில் இந்த இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். குளோஃபைப்ரேட் என்ற ஃபைப்ரேட் மருந்தை ஆராய்ந்த பழைய பெரிய ஆய்வுகளில், குறிப்பாக 1978இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில், அம்மருந்தை உட்கொண்டவர்களுக்குப் பித்தப்பை அகற்றும் அறுவை சிகிச்சை அதிகமாகத் தேவைப்பட்டது. ஏற்கெனவே பித்தப்பை நோய் உள்ளவர்களுக்கு ஃபைப்ரேட் கூடாது என்ற விதியின் பின்னணி இதுவே.

ஸ்டாட்டின் இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியையே அது தடுப்பதால் பித்தநீருக்குள் செல்லும் அளவும் குறைய இடமுண்டு. நீண்டகாலம் ஸ்டாட்டின் எடுப்பவர்களிடம் கல்லுக்கான அறுவை சிகிச்சை குறைவாக இருந்ததாக 2009இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. ஆனால் அது, மருந்தைக் கொடுத்துச் சோதிக்காமல் நடந்ததை மட்டும் பதிவுசெய்து ஒப்பிடும் கண்காணிப்பு ஆய்வு மட்டுமே. கல்லைத் தடுக்கவென்று யாரும் ஸ்டாட்டின் பரிந்துரைப்பதில்லை. "குறைக்கக்கூடும்" என்று எழுத வேண்டிய இடத்தில் "தடுக்கிறது" என்று எழுதினால் கவனமான தேர்வாளர் விடமாட்டார்.

தேர்வில் மாணவர்களைச் சிக்கவைக்கும் நல்ல பொறி கொலஸ்டிரமைன் என்ற மருந்துதான். குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றுகிறது என்பதால் கல் கூடும் என்றே முதலில் தோன்றும். ஆனால் இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் அதே 7-ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸை முடுக்கிவிட்டு, கொலஸ்ட்ராலைச் செலவழித்துப் புதிய பித்த அமிலம் தயாரிக்கிறது. இதை ஃபைப்ரேட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துப் படித்தால், ஒரே நொதி இரு மருந்துகளில் எதிரெதிராக நடந்துகொள்வது மறக்காது.

எசெட்டிமைப் குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. எலிகளில் கல் உருவாவதை அது தடுத்திருக்கிறது. தேர்வுக்கு அந்த அளவு போதும்.

நோயாளி விவரம் தந்து கேட்கும் வினாவில், ஃபெனோஃபைப்ரேட் எடுப்பவருக்கு உணவுக்குப்பின் வலது மேல்வயிற்றில் வலி என்று வந்தால், உடல் பருமன், விரைவான எடைக் குறைப்பு, கர்ப்பம் போன்ற காரணங்களையும் ஒரு வரியில் குறிப்பிட்டு, அல்ட்ராசவுண்ட் பரிசோதனையை முதலில் எழுதுங்கள். கல் உறுதியானால் ஃபைப்ரேட்டை நிறுத்திவிட்டு மாற்று மருந்தைப் பரிசீலிப்பது அடுத்த வரி.