நாலு ஸ்க்ரூ வேலை

"மாப்ள, நாலு ஸ்க்ரூ வேலைதான். இதுலேர்ந்து கழட்டி அதுல மாட்டிடு, அவ்வளவுதான்."

கம்ப்யூட்டர் தெரிந்த பையன் ஒருத்தன் இருக்கும் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை இட்லி முடிந்த கையோடு கேட்கிற வசனம் இது. சொல்கிறவர் பெரும்பாலும் மாமா. பழைய லேப்டாப்பின் கீல் உடைந்து திரை வாழை இலை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே புது லேப்டாப். பழையதன் டிஸ்க்கைக் கழற்றி, விண்டோஸோடு அப்படியே புதியதில் ஓடவைக்க வேண்டுமாம். பழையதுக்குள் மகள் கல்யாண போட்டோ, கடைக் கணக்கு, டெஸ்க்டாப் முழுக்க 'நியூ ஃபோல்டர்' ஒன்றிலிருந்து பதினேழு வரை.

ஸ்க்ரூ கணக்கில் மாமா சொன்னது சரிதான். சாட்டா என்ற பழைய இணைப்பு வகையில் வரும் 2.5 அங்குல டிஸ்க்கைத் தகடோடு பிடித்து வைத்திருப்பது நாலு எம்3 (3 மில்லிமீட்டர் விட்டம்) ஸ்க்ரூதான். அந்த நாலுக்குப் போய்ச் சேர அடிமூடியில் இருக்கும் பத்துப் பன்னிரண்டைக் கழற்ற வேண்டும் என்பதை மட்டும் சொல்லமாட்டார். அவையும் ஒரே நீளம் கிடையாது. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய ஸ்க்ரூவை அந்தந்த இடத்தில் செல்லோ டேப்பால் ஒட்டிக்கொண்டே போவது உத்தமம். டீ சாஸரில் போட்டுவைத்தால், நீள ஸ்க்ரூ குட்டை ஓட்டையில் இறங்கி, மேலே கை வைக்கும் இடத்தில் கொசு கடித்த மாதிரி ஒரு வீக்கம் வரும். மூடியைத் திறந்ததும் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

கழற்றியாயிற்று. இனி மாட்ட வேண்டும். பழைய டிஸ்க்குகள் பல 9.5 மில்லிமீட்டர் தடிமன். பிறகு வந்த லேப்டாப்களில் இடம் 7 மில்லிமீட்டர்தான். "லேசா அமுக்கு, போயிடும்" என்பார் மாமா. போகாது. 7 மில்லிமீட்டர் டிஸ்க்கைப் பழைய 9.5 இடத்தில் வைக்கலாம், மேலே ஒரு பிளாஸ்டிக் சட்டம் போட்டால் ஆடாது. இன்றைய மெல்லிய லேப்டாப்களில் பெரும்பாலும் 2.5 அங்குலத்துக்கு இடமே இருக்காது, மெல்லிய பட்டை மாதிரி இருக்கும் எம்.2 டிஸ்க்கைச் சொருகும் இடம் மட்டும்தான். அதிலும் ஒரு குழப்பம்: பழைய சாட்டா வகை எம்.2, அதைவிட வேகமான என்விஎம்இ வகை எம்.2 இரண்டும் பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், பார்க்க இரட்டைப் பிள்ளைகள். சொருகும் முனையில் பொதுவாகச் சாட்டாவுக்கு இரண்டு வெட்டு, என்விஎம்இக்கு ஒரு வெட்டு. என்விஎம்இ மட்டும் தெரிந்த இடத்தில் சாட்டாவைச் சொருகினால் அழகாக உட்காரும், விண்டோஸுக்கு முன்னால் எழும் மதர்போர்டு மென்பொருளான பயாஸில் மட்டும் தலைகாட்டாது.

சரி, அளவு பொருந்திவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பவர் பட்டனை அமுக்கியதும் கறுப்புத் திரையில் "பூட் செய்ய ஒன்றுமில்லை" என்ற பொருளில் ஒரு வரி வரும். டிஸ்க் செத்துவிட்டது என்று மாமி தலையில் கைவைப்பது இந்த இடத்தில்தான். டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. பழைய விண்டோஸ், எம்பிஆர் என்ற பழைய முறையில் பாகம் பிரித்த டிஸ்க்கில், பழைய பாணி (லெகசி) பயாஸுக்காகப் போடப்பட்டது. புது லேப்டாப்போ பயாஸின் வாரிசான யுஇஎஃப்ஐ மட்டுமே அறிந்தது, ஜிபிடி என்ற புது முறையில் பிரித்த டிஸ்க்கில் பூட் ஃபைல்கள் இருக்கும் இஎஃப்ஐ பார்டிஷனை (பாகத்தை) தேடுகிறது. 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கூடவே வருகிறது. டேட்டாவை அழிக்காமல் எம்பிஆரை ஜிபிடியாக மாற்றித்தரும். ஆனாலும் பேக்கப் இல்லாமல் தொடக்கூடாது. முதலில் மாற்ற முடியுமா என்று சோதிக்கும் 'வேலிடேட்' ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகுதான் 'கன்வர்ட்'. மாற்றியபின் பழைய லேப்டாப்பையும் யுஇஎஃப்ஐக்கு மாற்றாவிட்டால் அதிலும் பூட் ஆகாது.

நம்மூர் டிஸ்க்குகள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். அந்தக் கருவி அதிகபட்சம் மூன்று பிரைமரி (நேரடி) பார்டிஷன்களைத்தான் ஏற்கும், உள்ளே மேலும் பாகம் பிரிக்கிற எக்ஸ்டெண்டட் பார்டிஷன் ஒன்றுகூட இருக்கக்கூடாது. கடைக்காரர் ஆசை ஆசையாக சி, டி, இ, எஃப், ஜி என்று பாகப்பிரிவினை செய்து கொடுத்திருப்பார். எஃப் டிரைவில் 'மூவிஸ்', ஜி டிரைவில் 'மூவிஸ் நியூ'. வேலிடேட் அங்கேயே கைவிரித்துவிடும்.

அதைத் தாண்டினால் நீலத்திரை: இன்னாக்ஸசிபிள் பூட் டிவைஸ் (பூட் டிஸ்க்கை எட்ட முடியவில்லை), எண் 0எக்ஸ்7பி. டிஸ்க்கைப் படிக்க டிரைவர் என்ற சின்ன மென்பொருள் வேண்டும், அந்த டிரைவரோ டிஸ்க்குக்குள் இருக்கிறது. பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை. விண்டோஸ் தொடங்கும்போது, பழைய இடத்தில் டிஸ்க்கை இயக்க எந்த கன்ட்ரோலர் சிப் இருந்ததோ அதற்கான டிரைவரை மட்டும்தான் முதலில் எழுப்பும். விண்டோஸ் எக்ஸ்பியில், சாட்டா டிஸ்க்கோடு பேசும் புது முறையான ஏஹெச்சிஐக்கு டிரைவரே கிடையாது. விண்டோஸ் 7இல் உண்டு, ஆனால் அதற்கு முந்தைய ஐடிஇ முறையில் நிறுவியிருந்தால் தூங்கிக்கொண்டிருக்கும். விண்டோஸ் அமைப்புகளின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் எம்எஸ்ஏஹெச்சிஐ என்ற சர்வீஸின் 'ஸ்டார்ட்' மதிப்பை 3இலிருந்து 0 ஆக்கினால் விழிக்கும். விண்டோஸ் 10, 11 என்றால் சுலபமான வழி: பழைய லேப்டாப்பில் எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியைத் திறந்து, பூட் பக்கத்தில் 'சேஃப் பூட்' டிக் செய்து, ஷட்டவுன் செய்து, அதன்பின் டிஸ்க்கைக் கழற்றுவது. புது இடத்தில் சேஃப் மோடில் எழுந்து கன்ட்ரோலரை அடையாளம் கண்டுகொள்ளும். டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். சேஃப் மோடில் பின் நம்பர் வேலை செய்யாமல் போகலாம், பாஸ்வேர்ட் கையில் இருக்கட்டும்.

இன்டெல் 11ஆம் தலைமுறைக்குப் பிந்தைய பல லேப்டாப்களில் டிஸ்க்குக்கும் விண்டோஸுக்கும் நடுவில் விஎம்டி என்று ஒரு இடைத்தரகர் உண்டு. அதற்கான டிரைவர் வந்த விண்டோஸில் இருக்காது. அதை பயாஸில் அணைத்தால் வந்த டிஸ்க் தெரியும். ஆனால் அதே லேப்டாப்பில் முன்பே ஒரு விண்டோஸ் இருந்தால், அது நீலத்திரைக்குப் போய்விடும். வந்தவருக்குக் கதவைத் திறந்து வீட்டுக்காரரை வெளியே தள்ளின கணக்கு.

சில டிஸ்க்குகளில் அந்த நீலத்திரைக்கும் முன்பே, நிதானமாக ஒரு கேள்வி வரும்: விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் ரெக்கவரி கீ, 48 இலக்கம்.

"நான் எந்தப் பூட்டும் போடலையே மாப்ள!"

உண்மைதான், அவர் போடவில்லை. பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்ளும். அதன் சாவி பழைய மதர்போர்டில், சாவிகளைக் காக்கும் டிபிஎம் சிப்பில். மாற்றுச்சாவியாகிய அந்த 48 இலக்கம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பத்திரமாக இருக்கும். எந்தக் கணக்கு என்பதுதான் விவகாரம். மாமா கணக்கா, வெளியூரில் படிக்கும் பையன் கணக்கா, வாங்கின அன்று கடைப்பையன் அவசரத்துக்குத் தன் மெயிலில் திறந்ததா? கீ இல்லையென்றால் சென்னை ரிச்சி தெரு கம்ப்யூட்டர் கடைகளையே கூட்டி வந்தாலும் திறக்காது. ஆகவே பழைய லேப்டாப் ஓடுகிறபோதே செட்டிங்ஸில் டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற இந்தப் பூட்டை அணைத்து, முழுக்க அவிழ்ந்து முடியும்வரை காத்திருந்துவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டும். திரைதானே தொங்குகிறது? ஹெச்டிஎம்ஐ கேபிளில் டிவியை இணைத்தால் போதும்.

லினக்ஸ்காரர்களுக்கு இத்தனை பாடு இல்லை. உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) டிஸ்க்கைத் தூக்கி எதில் போட்டாலும் பெரும்பாலும் எழுந்துவிடும். டிரைவர்கள் அதன் மையமான கெர்னலோடு இருக்கின்றன, பார்டிஷனையும் யுயுஐடி என்ற அடையாள எண்ணை வைத்துத்தான் தேடும். பூட் மெனுவில் பெயர் மட்டும் காணாமல் போகலாம், அது பழைய மதர்போர்டின் நினைவில் தங்கிவிட்டது. பழையதில் என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவர் போட்டிருந்தால், கழற்றும் முன் அதை நீக்கிவிடலாம்.

உண்மையில் மாமாவுக்கு விண்டோஸ் வேண்டாம், போட்டோதான் வேண்டும். சில நூறு ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி கேசிங் வாங்கி, டிஸ்க்கை அதில் போட்டு, புது லேப்டாப்பின் சொந்த விண்டோஸிலிருந்து 'யூசர்ஸ்' ஃபோல்டரைக் காப்பி செய்தால் போதும். அனுமதி கேட்டால் 'கன்டின்யூ'. 1 டிபி முழுக்க இருந்தால், நொடிக்கு 100 எம்பி வேகத்தில் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம். சாப்பிட்டுத் தூங்கி எழுவதற்குள் முடிந்திருக்கும். இதைக் காலையிலேயே சொன்னால், "பழைய வால்பேப்பரோட அப்படியே வரணும்" என்பார்.

டிஸ்க்கையே மாட்டினால் அப்படி வரவும் வரும். முதல் பூட்டில் 'டிவைஸ்களைத் தயார் செய்கிறது' என்று சதவீதம் ஓடி, ரீஸ்டார்ட் ஆகி, வைஃபை மட்டும் இல்லாமல் டெஸ்க்டாப் தெரியும். போனை யுஎஸ்பியில் சொருகி அதன் நெட்டை டெதரிங்கில் கொடுத்தால் வைஃபை டிரைவரையும் இறக்கிக்கொள்ளலாம். வால்பேப்பரில் திருச்செந்தூர் முருகன், பதினேழு நியூ ஃபோல்டர், எல்லாம் வந்தாயிற்று.

வலது கீழ் மூலையில் மட்டும் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மங்கலாக ஒரு வரி. பழைய லைசன்ஸ் லேப்டாப்போடு சேர்ந்து வந்த ஓஇஎம், அந்த மதர்போர்டோடு அது முடிந்தது. தனியாக வாங்கிய ரீடெய்ல் கீ என்றால் மாற்றிக்கொள்ளலாம். புது லேப்டாப்பும் அதே ஹோம் பதிப்போடு வந்திருந்தால், மதர்போர்டின் ஃபர்ம்வேரில் இருக்கும் அதன் கீயை எடுத்துக்கொண்டு ஆக்டிவேட் ஆகிவிடும். ஆனால் புது லேப்டாப்போடு வந்தது ஹோம், மாமா டிஸ்க்கில் இருப்பது புரோ பதிப்பு. மாப்பிள்ளை இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து, அந்த மூலையில் ஊதி ஊதித் துடைக்க ஆரம்பித்திருப்பார்.