சுக்கான் போன பாய்மரப் படகு: விளிஞ்ஞம் முதல் தேங்காப்பட்டணம் வரை

வீலைச் சுற்றினால் சுற்றுகிறது, படகு மட்டும் தன் இஷ்டத்துக்குப் போகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு. வீலிலிருந்து சுக்கான் தண்டுக்குப் போகும் கம்பி வடம் அறுந்திருக்கலாம். இல்லாவிட்டால் தண்ணீருக்குள் இருக்கும் சுக்கானே போயிருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. தண்டின் தலையில் நேராக மாட்டுகிற அவசர டில்லர் என்கிற கைப்பிடி ஒன்று வீல் வைத்த பாய்மரப் படகுகளில் பெரும்பாலும் இருக்கும். அதை மாட்டித் திருப்பினால் படகு திரும்ப வேண்டும். எங்களுடையது திரும்பவில்லை. டில்லரை ஒரு விரலால் தள்ளினாலே நகர்ந்தது. தண்ணீரின் எதிர்ப்பே இல்லை. தண்டு இருக்கிறது, சுற்றுகிறது, ஆனால் தண்ணீரைத் தள்ளும் சுக்கான் பலகை அதைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

அப்போது அஞ்சுதெங்கு கலங்கரை விளக்கத்துக்கு மேற்கே நல்ல ஆழத்தில் இருந்தோம். நானும் அத்தானும் சேர்ந்து கொச்சியில் வாங்கிய 33 அடிப் படகு, 1980களில் கட்டிய பைபர் உடம்பு. குமரி முனையைச் சுற்றித் தூத்துக்குடிக்குக் கொண்டுபோவதாகத் திட்டம். மாசி மாதம், கடல் சாதாரணம். இந்த வேலை ஆனி ஆடியில் நடந்திருந்தால் நான் இதை வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

பாய்களை இறக்கினோம். அடுத்த நிமிடமே படகு அலைக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது. அடியில் பலகை அங்கும் இங்கும் புரண்டு 'டொம் டொம்' என்று இடித்தது. எஞ்சினைப் போட்டுவிட்டுப் போகலாமே என்று தோன்றும். எங்கள் படகில் சுக்கானுக்கும் புரொப்பல்லருக்கும் நடுவே இடைவெளி கம்மி. ஆடுகிற பலகை விசிறியில் மாட்டினால் இரண்டும் போய்விடும். எஞ்சினைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம் என்றார் அத்தான். அவர் கப்பலில் எஞ்சின் பக்கம் வேலை பார்த்தவர், அதனால் நான் வாதாடவில்லை.

செய்தது இதுதான். பின்பக்கம் இரண்டு ஓரத்திலிருந்தும் நீளமான கயிறு ஒவ்வொன்று, இரண்டும் வின்ச்சில், அதாவது கயிறு இழுக்கும் உருளையில், சுற்றியவை. அவை சேரும் இடத்தில், படகின் பக்கவாட்டில் இடி தாங்கத் தொங்கவிட்டிருந்த டயர். டயர் மிதந்து துள்ளாமல் இருக்க அதில் ஒரு துண்டு நங்கூரச் சங்கிலி. இதைப் பின்னால் இழுத்துக்கொண்டு போக வேண்டும். இடப்பக்கக் கயிற்றை இழுத்தால் டயர் இடப்பக்கம் வரும், அந்தப் பக்கம் இழுவை கூடும், மூக்கு இடப்பக்கம் திரும்பும். மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து கடல் காற்று வந்தது. எங்களுக்குப் போக வேண்டியது தென்கிழக்கே, விளிஞ்ஞம். காற்று நேர் பின்னால். பெரிய பாயைக் கட்டிவிட்டு முன்பாயை மட்டும் பாதி விரித்தோம். முன்னால் பாய் இழுக்கிறது, பின்னால் டயர் இழுக்கிறது, நடுவில் படகு வேறு வழியில்லாமல் நேராகப் போகிறது.

வேகத்தைத்தான் அடக்கி வைக்க வேண்டியிருந்தது. மணிக்கு மூன்று கடல் மைலைத் தாண்டினால் கழன்ற பலகை குறுக்கே திரும்பிப் படகைத் தானே ஓட்ட ஆரம்பித்தது. பாயைச் சுருக்கினால் சரியாகிவிடும்.

ரேடியோவில் 16ஆம் சேனலில் 'பான்-பான்' என்கிற அவசர அறிவிப்பு கொடுத்தோம். உயிராபத்துக்குக் கொடுக்கிற 'மேடே' இல்லை, யாருக்கும் உயிராபத்து இல்லை. கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கும் தகவல் சொன்னோம். இருட்டியதும் கரைக்காற்று வடகிழக்கிலிருந்து கிளம்பியது. அது கரையை விட்டு வெளியே தள்ளும் காற்று என்பதால் சந்தோஷமாகப் பாயை இறக்கிவிட்டு மிதந்தோம். பயம் கப்பல்களைப் பற்றித்தான். விளிஞ்ஞத்தில் பெரிய துறைமுகம் வந்த பிறகு கண்டெய்னர் கப்பல்கள் அந்தப் பக்கம் நிறைய வருகின்றன. கட்டுப்பாடு இழந்த கலம் என்று காட்ட ஒன்றுக்குமேல் ஒன்றாக இரண்டு சிவப்பு விளக்கு ஏற்ற வேண்டும். பகலில் இரண்டு கறுப்பு உருண்டை. மாற்றி மாற்றித் தூங்கினோம் என்று சொல்லலாம், தூங்கவில்லை.

விடிந்ததும் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட விளிஞ்ஞம் கலங்கரை விளக்கம் தெரிந்தது. கூடவே வள்ளவிளைக்காரர்களின் பைபர் வள்ளம் ஒன்று பக்கத்தில் வந்தது.

"என்ன பிள்ளைகளே, எஞ்சின் போச்சா?"

"எஞ்சின் இருக்கு அண்ணே, சுக்கான்தான் போச்சு."

"பின்ன டயர எதுக்கு இழுத்துட்டு அலையுதிய?"

அத்தான் விளக்கினார். வள்ளத்தின் கடைசியில் நின்ற பெரியவர் சிரித்தார். "கட்டுமரத்துல நாங்க சுக்கானா வச்சிருந்தோம்? தொளவையிலதானே (துடுப்பில்) பிடிச்சோம். நல்லாத்தான் செய்திருக்கிய."

அவர்கள் எங்களைக் கட்டி இழுத்தார்கள். சுக்கான் இல்லாத படகை இழுத்தால் அது இடமும் வலமும் பாயும். அதனால் இழுக்கும்போதும் டயரைத் தண்ணீரிலேயே விட்டு வைத்தோம். துறைமுக வாய் வந்த பிறகுதான் எடுத்தோம். டீசல் காசுக்கு மேல் வாங்க மாட்டேன் என்றார்கள். கரையோரக் காவல் நிலையத்தில் காகிதம் காட்டும் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

கடலில் சமாளித்ததைச் சொன்னால் எல்லோரும் ஆர்வமாகக் கேட்கிறார்கள். எனக்கு உண்மையில் தலைவலி கொடுத்தது அதற்கப்புறம் நடந்ததுதான். முதல் கேள்வி, சுக்கானைக் கழற்றுவது எப்படி? ஐரோப்பாவில் படகை வற்றுக்கடலில் தரைதட்டவிட்டு வேலை பார்ப்பார்கள். நம் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட வராது. எங்கள் படகின் அடிக்கட்டையோ 1.7 மீட்டர் ஆழம். தூக்கி வைக்கிற வசதியும் அங்கே எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே மிதக்கும் நிலையிலேயே தண்டோடு கீழே இறக்க வேண்டும். தண்டு வரும் குழாயின் மேல்வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால் படகுக்குள் தண்ணீர் ஏறாது. உள்ளே குனிந்து அளந்து பார்த்தோம், ஒரு சாண் உயரத்தில் இருந்தது. இருந்தாலும் துணி சுற்றிய மரத்தக்கை ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டோம்.

இறக்கியவர்கள் விளிஞ்ஞத்துப் பாறைகளில் மூழ்கிச் சிப்பி எடுக்கிற இரண்டு பேர். சிலிண்டர் எல்லாம் கிடையாது, கண்ணாடி மட்டும். மூச்சை அடக்கிக்கொண்டு போனால் நாம் கவலைப்படத் தொடங்கும்போதுதான் மேலே வருவார்கள். உள்ளிருந்து நான் குவாட்ரண்ட்டை, அதாவது தண்டில் கம்பி வடம் மாட்டும் கால்வட்டத் துண்டைக் கழற்றி, தண்டைக் கயிற்றில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். கீழே அவர்கள் தாங்கிக்கொண்டார்கள். தண்டு முழுக்க வெளியே வர, படகுக்குக் கீழே நல்ல ஆழம் வேண்டும். மூன்று மீட்டருக்கும் குறைவான இடத்தில் இதைச் செய்ய முடியாது.

வேன் வைத்துக் களியக்காவிளை தாண்டித் தேங்காப்பட்டணம் பக்கம் ஒரு வள்ளப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். மேஸ்திரி அண்ணன் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "அறுக்காதீங்க. முதல்ல அச்சு எடுப்போம்." அந்த ஒரு யோசனைக்கே அவருக்குத் தனியாகக் காசு கொடுத்திருக்கலாம். பழைய பலகையின் இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதியாக அச்சு எடுத்த பிறகுதான் கிரைண்டர் வைத்தார்.

உள்ளே இருந்து பழுப்புத் தண்ணீர் ஊற்றியது. நடுவில் இருந்த நுரை, ஊறிப்போன ரஸ்க் மாதிரி விரலோடு வந்தது. தண்டிலிருந்து பலகைக்குள் நீளும் மூன்று இரும்புத் தகடுகளில் இரண்டு வெல்டிங் இடத்தில் விட்டிருந்தன. மூன்றாவது பெயருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். அது துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் மேலே படியும் குரோமியம் ஆக்சைடு படலம். படலம் சேதமானால் மறுபடி உருவாக ஆக்ஸிஜன் வேண்டும். தண்டு பலகைக்குள் நுழைகிற இடத்தில் பைபரும் எஃகும் காலப்போக்கில் பிரியும். அந்த இடுக்கில் உப்புத்தண்ணீர் புகுந்து தேங்கும். தேங்கிய தண்ணீரில் ஆக்ஸிஜன் கிடையாது. வெளியே பளபளப்பு, உள்ளே அரிப்பு. படகை எத்தனை தடவை சுற்றி வந்து பார்த்தாலும் தெரியாது. இந்தியக் கடற்படையின் தாரிணிகூட 2018இல் உலகைச் சுற்றி வரும்போது சுக்கான் இயக்கத்தில் கோளாறு வந்து மொரீஷியஸில் ஒதுங்கியது. எங்கள் கோளாறு வேறு வகை, ஆனால் கேள்விப்பட்டபோது ஆறுதலாக இருந்தது.

தண்டிலும் அதே இடத்தில் குழிகள். மார்த்தாண்டத்தில் லேத் வைத்திருப்பவர், "வெல்டிங் நிரப்பிக் கடைஞ்சு தாறேன், புதுசுபோல இருக்கும்" என்றார். புதுசுபோல இருப்பது எங்களுக்குப் போதாது. அத்தான் கொச்சியிலிருந்து 2205 என்கிற டூப்ளெக்ஸ் எஃகில் கம்பி வரவழைத்தார். சாதாரண 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வலு, அரிப்பையும் நன்றாகத் தாங்கும். விலையும் அதற்கேற்றபடி கடித்தது. உருக்காலைச் சான்றிதழோடு வாங்குங்கள். 304 என்கிற இன்னொரு ரகத்தை 316 என்று கொடுத்தால் காந்தம் வைத்துப் பார்த்தெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. தகடுகளும் அதே எஃகு, வெல்டிங் கம்பி அதற்கென்றே உள்ள 2209.

பட்டறையில் பெரிய வாக்குவாதம் ரெசினைப் பற்றி. அண்ணன் வாழ்நாள் முழுக்க பாலியெஸ்டர் ரெசினும் மேட்டும் (நெய்யாத கண்ணாடி இழை விரிப்பு) வைத்து வள்ளம் கட்டியவர். எனக்கு எஃகை நன்றாகப் பற்றிக்கொள்ளும் எபாக்ஸிதான் வேண்டும். சரி, எபாக்ஸி என்று ஒத்துக்கொண்டு மேட்டை எடுத்தார். அங்கேதான் சிக்கல். மேட்டில் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் கரையாது, மேட் மடங்கிக் கொடுக்காது. நெய்த துணி வேண்டும். ஒரு துண்டில் செய்து காட்டிய பிறகுதான் நம்பினார். நம்பிய பிறகு என்னைவிடச் சுத்தமாகச் செய்தார். இரண்டு பாதியையும் அச்சில் வார்த்து, உள்ளே தண்ணீர் குடிக்காத பி.வி.சி. நுரை வைத்து, தகடுகளைச் சுற்றி எபாக்ஸிக் கலவை நிரப்பி மூடினோம். தண்டுக்கு முன்னால் இருக்கும் பரப்பை மட்டும் பழைய அளவிலிருந்து மாற்றவே இல்லை. மொத்தத்தில் ஏழில் ஒரு பங்கு அளவு அது. கூட்டினால் சுக்கான் கையை மீறும், குறைத்தால் கனக்கும்.

தண்டு சுழலும் புஷ்ஷுக்கு நைலான் உருளைதான் லேத்தில் இருந்தது. நைலான் தண்ணீர் குடித்து உப்பும், தண்டைக் கவ்விக்கொள்ளும். டெல்ரின் என்கிற பிளாஸ்டிக் வாங்கிக் கடைந்தோம். பலகையின் பின் விளிம்பில் ஒரு கயிறு நுழையும் அளவுக்கு ஓட்டை ஒன்றும் விட்டோம். இனி கழன்றால் இரண்டு பக்கமும் கயிறு கட்டி ஓட்டலாம்.

பழையது ஊறிக் கனத்துக் கிடந்தது. புதியது மிதக்கிறது, கீழே போக மறுக்கிறது. மணல் மூட்டை கட்டி முக்கினோம். அதே இரண்டு சிப்பிக்காரர்கள் கீழிருந்து தள்ள, நான் உள்ளே டார்ச்சோடு குழாயைப் பார்த்துக்கொண்டு "இன்னும், இன்னும்" என்று படகின் தரையைத் தட்டிக்கொண்டிருந்தேன். தண்டு மேல் புஷ்ஷில் நுழைந்ததும் காலரை இறுக்கி, கீ அடித்து, குவாட்ரண்ட்டை மாட்டினேன்.

சோதனைக்குப் பூவார் வரை போய்த் திரும்பினோம். சுக்கான் முன்னைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. புது புஷ், பழகப் பழகத் தளரும். முட்டம் தாண்டும்போது குமரி முனைக் காற்று முகத்தில் அடித்தது, பெரிய பாயில் இரண்டு மடிப்பு போட வேண்டியிருந்தது, வீலை ஒரு கையால் பிடிக்க முடிந்தது. தண்டுக் குழாயின் மேல்வாயில் சொட்டுச் சொட்டாகக் கசிவு ஒன்று இருந்தது. அதைத் தூத்துக்குடியில் பேக்கிங் மாற்றி நிறுத்தினோம்.