நெல் வரவு ஸ்க்ரீனும் எழுத முடியுற வியூவும்

கும்பகோணத்துல நெல் வியாபாரிகளுக்கு சாஃப்ட்வேர் செஞ்சு குடுக்குற சின்ன ஆபீஸ் எங்களோடது, தகவலை டேபிள் டேபிளா சேத்து வைக்கிற டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். மன்னார்குடி, திருவாரூர்னு கிளை வச்சிருந்த ஒரு பார்ட்டிக்கு வரவு டேபிள் ஒண்ணுதான், ஆனா ஒவ்வொரு கிளையிலயும் கணக்கு எழுதுறவங்களுக்கு அவங்க கிளை, அந்த பட்டம் (சாகுபடி பருவம்) மட்டும் தெரியுற மாதிரி வியூ, அதாவது டேபிள்ல ஒரு பகுதியை மட்டும் காட்டுற ஜன்னல், போட்டிருந்தோம். பாக்குறதுக்கு வியூ அருமை, அதுல எழுதணும்னாதான் பாடு.

பழைய வெர்ஷன்ல வியூக்குள்ள நேரா இன்சர்ட் பண்ணா எரர்தான். அதனால இன்சர்ட் (சேக்க), அப்டேட் (திருத்த), டெலீட் (நீக்க)னு வியூவுக்கு மூணு ரூல், அதாவது இந்த குவெரி வந்தா அதுக்கு பதிலா இதை செய்யின்னு, எழுதி வைக்கணும், டேபிள்ல ஈரப்பதம்னு ஒரு ஃபீல்டு புதுசா சேத்தா எல்லா வியூவையும் எல்லா ரூலையும் திரும்ப தொடணும். ரூல் வேலை செய்யுற விதம் அதைவிட மோசம். டேட்டா மாறும்போது தானா ஓடுற ட்ரிக்கர் மாதிரி ரோ ரோவா ஓடாது, நாம அனுப்புற குவெரியையே மாத்தி எழுதிடும், அப்ப அடுத்த நம்பரை எடுத்துக் குடுக்குற நெக்ஸ்ட்வேல் மாதிரி ஃபங்ஷன் ரெண்டு எடத்துல ஒட்டிக்கிட்டு ரெண்டு தடவை ஓடிரும். வரவுல சீட்டு நம்பர் 501, நடந்ததை பதிஞ்சு வைக்கிற லாக் டேபிள்ல அதே லோடுக்கு 502. மூட்டை சரியா இருக்கும், நம்பர் ஒத்து வராது.

2009 ஆரம்பத்துல போஸ்ட்கிரெஸ் செய்யுறவங்க 8.4 வெர்ஷனுக்காக, வியூ போட்டா ரூலை தானாவே உருவாக்கிக்கிற மாதிரி ஒண்ணை சேத்துட்டு, சில நாள்லயே வெளிய எடுத்துட்டாங்க. எடுத்தது நல்லதுக்குத்தான்னு தோணுது, இல்லேன்னா ரூலோட தொல்லை மொத்தமும் கூடவே வந்திருக்கும். 2013 செப்டம்பர்ல வந்த 9.3-ல வழியையே மாத்திட்டாங்க, ரூல் கிடையாது, குவெரியை ஓட்டுறதுக்கு முன்னாடி மாத்தி எழுதுற ரீரைட்டர் வியூவை எடுத்துட்டு அடியில இருக்குற டேபிளை அந்த எடத்துல வச்சிரும். வியூல ஒரே டேபிள் இருக்கணும், குரூப் பை, டிஸ்டிங்க்ட், லிமிட், யூனியன்னு ரோக்களை கூட்டுற, குறைக்குற எதுவும் மேல இருக்கக்கூடாது. 9.3-ல கணக்கு போட்டு வர்ற ஃபீல்டு ஒண்ணு இருந்தாலும் மொத்த வியூவும் போச்சு, 9.4-ல அந்த ஃபீல்டை மட்டும் தொட விடாது, மத்ததுல எழுதலாம். சாக்கு எடை கழிச்ச நிகர எடை எங்க வியூல இருந்ததால நேரா 9.4-க்கே போனோம். பழைய ரூலை ட்ராப் பண்ணாதான் இது வேலை செய்யும், இருந்தா அதுதான் முந்திக்கும்.

மாத்துன கொஞ்ச நாள்ல மன்னார்குடி அக்கா போன். "தம்பி, சீட்டு ஒண்ண இப்பதான் திருத்துனேன், காணோம்ப்பா." பட்டத்தை சம்பாலேர்ந்து தாளடின்னு மாத்திருக்காங்க, அது சம்பா வியூ, சேவ் ஆன நிமிஷமே ரோ கண்ணுலேர்ந்து போயிடுச்சு, டேபிள்ல பத்திரமா இருக்கு. இதுக்கு 9.4-லயே வித் செக் ஆப்ஷன் இருக்கு, வியூவோட கண்டிஷனுக்கு வெளிய போற ரோவை சேவ் பண்ணவே விடாது. போட்டுட்டோம்.

விவசாயி பேரும் லோடும் சேந்து வர்ற லிஸ்ட்லதான் எங்க சீனியர் அண்ணனுக்கும் எனக்கும் வாக்குவாதம். ரெண்டு டேபிளை சேக்குற ஜாயின் இருக்குறதால டேட்டாபேஸ் எழுத விடல, "என்னடா இது, பாதிதான் செஞ்சிருக்கானுங்க"ன்னாரு. நான் ஒத்துக்கல. ஒரே ஆளு மூணு லோடு அனுப்பியிருந்தா பேரு மூணு வரியில வரும், ஒரு வரியில திருத்துனா மூணும் மாறணுமா, இல்ல அந்த லோடு வேற ஆளோடதா, ஒரு வரியை டெலீட் பண்ணா லோடு போகணுமா ஆளே போகணுமா? இதை டேட்டாபேஸ் எப்படி யூகிக்கும், யூகிச்சா விவகாரம்தான். அண்ணன் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "சரி, ட்ரிக்கர் எழுதிக்க"ன்னாரு. வியூல எழுத வந்தா அதுக்கு பதிலா நம்ம கோடை ஓட்டுற இன்ஸ்டெட் ஆஃப் ட்ரிக்கர் 9.1-லேர்ந்தே இருக்கு, அதுல லோடு விவரம் மட்டும் மாறும், பேரு மாத்தணும்னா விவசாயி ஸ்க்ரீனுக்குத்தான் போகணும்னு நாங்களே முடிவு பண்ணி எழுதுனோம்.

இப்ப புது வியூ போட்டா முதல்ல டேபிள், வியூ விவரமெல்லாம் இருக்குற இன்ஃபர்மேஷன் ஸ்கீமால அப்டேட் பண்ண முடியுமான்னு ஒரு பார்வை, நோன்னு வந்தா அந்த ஸ்க்ரீன்ல சேவ் பட்டனே வைக்கிறதில்ல.