வெப்பம் வந்து சேராத ஏழு துண்டுகள்

திருகோணமலை உவர்மலையில் என் அறையில் பழைய மேசைக்கணினிகள் நான்கை ஒரு சுவிட்சில் இணைத்து வைத்திருக்கிறேன். கொத்தணி என்று சொல்லிக்கொள்ளச் சற்றுக் கூச்சம்தான். ஆனாலும் ஒவ்வொன்றிலும் கணிப்பைச் செய்யும் கருக்கள் இரண்டு இருப்பதால் எட்டுச் செயன்முறைகளை, அதாவது ஒரே செய்நிரலின் எட்டுப் பிரதிகளை, ஒரே நேரத்தில் ஓட்டலாம். அவை தமக்குள் பேசிக்கொள்ள, 1994 இல் முதற்பதிப்பு வெளியான எம்பிஐ நியமம் இருக்கிறது.

எழுதிய செய்நிரல் எளியது. ஓர் உலோகத் தகட்டின் மேல் விளிம்பை மட்டும் 100 பாகையிலும் மற்ற அனைத்தையும் பூச்சியத்திலும் வைத்து, வெப்பம் பரவி நிலைகொள்ளும்வரை கணிக்க வேண்டும். தகட்டை எட்டுக் கிடைத்துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்தேன். அண்டைத் துண்டுகள் எல்லை வரிகளை மாற்றிக்கொண்டாலே போதும். நானோ சோம்பலால், சுற்றுக்குச் சுற்று முழுத் தகட்டையும் ஆல்கேதர் அழைப்பால் எல்லோருக்கும் பகிர்ந்தேன். தன் துண்டில் மாற்றம் 0.001 இற்குக் கீழே போனதும் அந்தச் செயன்முறை, சுற்றுகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் மடக்கைவிட்டு வெளியேறலாம் என்று எழுதியதுதான் வினையாயிற்று.

விடை வரவில்லை. எட்டுக் கருக்களும் 100 சதவீதம் உழைப்பதாகத் திரை காட்டியதால், தேநீர் போட்டுக் குடித்துவிட்டு அரை மணிநேரம் நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடந்தது இதுதான். முதற் சுற்றில் வெப்பம் தொட்டது மேல் துண்டை மட்டுமே. மற்ற ஏழிலும் மாற்றம் பூச்சியம் என்பதால், அவை வேலை முடிந்ததென்று விலகி, இறுதி அழைப்பான ஃபைனலைஸில் போய் நின்றன. அதுவும் ஆல்கேதரைப்போல எல்லோரும் சேர்ந்து அழைக்க வேண்டிய கூட்டழைப்பு, எட்டாவது ஆள் வராமல் முடியாது. அந்த எட்டாவதோ இரண்டாம் சுற்றின் ஆல்கேதரில் இந்த ஏழு பேருக்காகக் காத்திருந்தது. காத்திருப்பவை உறங்குவதுமில்லை, செய்தி வந்ததா வந்ததா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருப்பதால்தான் அத்தனை சுறுசுறுப்பு. உப்புவெளியில் கரைவலை இழுப்போர் வலையின் மடியில் மீன் உண்டோ இல்லையோ கயிற்றைக் கடைசிவரை விடுவதில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

வெளியேறும் முடிவைத் தனியாளிடமிருந்து எடுத்துவிட்டேன். ஒவ்வொரு சுற்றிலும் ஆல்ரெடியூஸ் எட்டு மாற்றங்களிலும் பெரியதைக் கண்டு எல்லோரிடமும் அந்த ஒரே எண்ணைக் கொடுக்கிறது. ஆகவே இருந்தால் எல்லோரும் இருப்பார்கள், போனால் எல்லோரும் போவார்கள். செலவும் அதிகமில்லை. முதலில் பக்கத்தவரோடு, பிறகு இரண்டு தள்ளி, பிறகு நான்கு தள்ளி இருப்பவரோடு எண்ணை மாற்றிக்கொண்டால் எட்டுப் பேருக்கு மூன்று படிகளும் 1,024 பேருக்குப் பத்துப் படிகளும் போதும். தசம எண்களைக் கூட்டினால் வரிசை மாறும்போது கடைசி இலக்கங்கள் மாறக்கூடும். பெரியதைத் தேர்வதில் அந்தத் தொல்லையும் இல்லை.

இப்போது எட்டும் ஒரே சுற்றில் வெளியேறுகின்றன. ஆல்கேதரை எடுத்துவிட்டு எல்லை வரிகளை மட்டும் மாற்றும் வேலை இன்னும் பாக்கி.