3.40 பவுண்டு

லண்டனிலிருந்து விடுமுறைக்குக் குன்னூர் வந்த மறுநாள், ஊருக்குள் பெட்ஃபோர்டு பகுதிக் கடையில் டீயும் வர்க்கியுமாக உட்கார்ந்திருந்தபோது என் போன் சிணுங்கியது. பக்கத்தில் இருந்த பள்ளித்தோழன் உரிமையோடு எடுத்துப் பார்த்தான். லண்டனில் இருக்கும் எங்கள் வகுப்புத்தோழன், பக்கத்து ஊர் அருவங்காட்டுக்காரன், 3.40 பவுண்டு கேட்டிருந்தான். ஊருக்குக் கிளம்பும் முன் சேர்ந்து குடித்த காபிக்கு என் பங்கு.

"காபிக் காசைத் திருப்பிக் கேக்கறானா? இரு, அவங்கப்பாகிட்டயே சொல்றேன்."

நான் அங்கேயே பணத்தை அனுப்பினேன். இவன் தலையில் அடித்துக்கொண்டான். கல்லாவில் யார் முதலில் காசு நீட்டுவது என்று சட்டையைப் பிடித்து இழுக்கிற ஊர் இது. இங்கே இதை எப்படி விளக்குவது?

லண்டனில் சராசரி வாடகை மாதம் 2,200 பவுண்டைத் தாண்டிவிட்டது. அது முழு வீட்டுக்கு. நாங்களெல்லாம் ஓர் அறையும், ஃபிரிட்ஜில் ஒரு தட்டும் எடுத்து இருக்கிறவர்கள். ஐந்து வார வாடகை முன்பணம், உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரி, அப்புறம் ஹீட்டருக்கான கேஸ் பில். 'ஊட்டிக் குளிரில் வளர்ந்தவனுக்கு ஹீட்டர் எதுக்கு' என்று பெருமை பேசுவோம். காரணம் பெருமை இல்லை. அங்கே மலிவாகக் கிடைக்கும் ஒன்றிரண்டில் கேரட்டும் ஒன்று. குன்னூர் பக்கம் கேரட் விளையும் கேத்தியில் வளர்ந்த இன்னொரு நண்பன் அந்தப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாசமே இல்லடா" என்று வைத்துவிடுவான். அப்புறம் அதையேதான் வாங்குவான்.

ஒரே வகுப்பில் படித்த மூன்று பேர், ஒரே நகரத்தில். ஆனால் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, கிராய்டன் என்று மூன்று மூலையில். சந்திக்க மூன்று பேருடைய நாட்காட்டியும் ஒத்துப்போக வேண்டும். குன்னூரில் வாசலில் நின்று "டேய்" என்றால் போதும். அவன் இல்லாவிட்டாலும் அவன் அம்மா தட்டு வைத்துவிடுவார். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்குக் கேத்திக்காரனின் ஹட்டிக்கு, அதாவது அவன் கிராமத்துக்கு, போக யாரும் எங்களை அழைத்ததே இல்லை, போய்விடுவோம். லண்டனில் சொல்லாமல் மணி அடித்தால் பார்சல் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் காசுக் கணக்கு எங்களுக்குள் முதலில் இருந்ததில்லை. அருவங்காட்டுக்காரனுக்கு ஒருமுறை வேலை போனது. ஊர் வழக்கப்படி நாங்களே அவனுக்கும் சேர்த்துக் கொடுத்தோம். கொஞ்ச நாளில் அவன் வருவதை நிறுத்திவிட்டான். உடம்பு சரியில்லை, மழை, ஏதோ ஒன்று. "அவங்கவங்க காசு அவங்கவங்க" என்று அவனே சொன்ன பிறகுதான் திரும்ப வந்தான். அதனால் அந்த 3.40 பவுண்டைக் கஞ்சத்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்குப் பிடிக்கவும் இல்லை.

எங்களுக்குக் கட்டுப்படியான இடம் பஸ்தான். ஒருமுறை காசு கொடுத்து ஏறினால், ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறலாம், மறுபடி காசு இல்லை. மாடியில் முன் ஸீட். 'வேறென்ன வேணும்' என்று கேட்டுத் துரத்த ஆளில்லை. வேலை, விசா, அம்மாவின் முட்டிவலி எல்லாம் அங்கேதான் பேசி முடித்திருக்கிறோம். இப்படித்தான் லண்டன் எனக்குப் பழகிப்போனது, இப்போது அதுவும் என் ஊர்தான் என்று சொல்லத்தான் வந்தேன். ஆனால் அந்த முன் ஸீட்டில் உட்கார்ந்தாலே மேட்டுப்பாளையம் பஸ் வந்துவிடும். 14 கொண்டை ஊசி வளைவு, காது அடைப்பது, சீசனில் பர்லியாரில் இறங்கி வாங்கும் மங்குஸ்தான், ஒவ்வொரு முறையும் ஜன்னலோரம் பிடித்தும் வாந்தி எடுக்கும் கேத்திக்காரன். லண்டன் சாலையெல்லாம் சமதளம். அவனுக்கு அங்கே வாந்தியே வருவதில்லை.

அவன் இப்போது லண்டனுக்கு வெளியே ரெடிங் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டான். குழந்தை பிறந்த பிறகு அறை வாடகைக் கணக்கு ஒத்துவரவில்லை. "ரெண்டு நாள் தங்கற மாதிரி வாங்கடா" என்கிறான். பஸ் அங்கே போகாது, ரயில்தான். நானும் அருவங்காட்டுக்காரனும் மலிவு டிக்கெட் பார்த்து, எங்கள் இருவருக்கும் ஒத்துவருகிற ஒரு சனிக்கிழமையைக் கண்டுபிடித்தோம். அன்றைக்குக் கேத்திக்காரனின் மாமியார் வருகிறாராம்.