கையெழுத்து அட்டையும் ஐந்து வரிசையும்

பிப்ரவரி கடைசியில், விரல் விறைக்கும் குளிரில், மனுவுக்குக் கையெழுத்து வாங்கும்போதுதான் நியூயார்க் மேயர் தேர்தலின் களவேலை சூடுபிடிக்கும். கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜூன் மாத முதல்நிலைத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி (டெமாக்ரட்) வாக்குச்சீட்டில் பெயர் ஏற 3,750 கையெழுத்துகள் வேண்டும். அத்தோடு நிறுத்தினால் ஆபத்து. எதிர்த்தரப்பு ஒவ்வொரு வரியாக ஆட்சேபித்து ஆளையே வாக்குச்சீட்டிலிருந்து தூக்கிவிடலாம். மூன்று மடங்காவது சேர்த்தால்தான் நிம்மதி. கையெழுத்து அடிபடும் காரணங்கள் வழக்கமானவை: போட்டவர் கட்சியில் பதியாதவர், இன்னொரு மேயர் வேட்பாளருக்கு முன்பே போட்டுவிட்டவர், தேதியை அடித்துத் திருத்திய இடத்தில் சாட்சியின், அதாவது கையெழுத்து வாங்கியவரின், சுருக்கொப்பம் இல்லை. அதனால் தெருவில் முதலில் கேட்க வேண்டியது, “நீங்கள் பதிவுசெய்த டெமாக்ரட்டா?” வேட்பாளரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பணத்துக்கும் கணக்கு உண்டு. நகரவாசி கொடுக்கும் முதல் 250 டாலர் வரை, ஒரு டாலருக்கு எட்டு டாலர் பொதுநிதியிலிருந்து கிடைக்கும். பத்து டாலர் கொடுத்தால் தொண்ணூறு. பெருமுதலாளிகளை நம்பாத வேட்பாளருக்கு இதுதான் உயிர். ஆனால் மேயர் வேட்பாளர் குறைந்தது 1,000 நகரவாசிகளிடமிருந்து 2,50,000 டாலர் திரட்டிய பிறகே அந்த நிதிக்குத் தகுதி. நம்மவர்கள் தவறுவது ஒன்று: எச்-1பி விசாவில் இருப்பவர் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது, கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம். விசாக்காரர்கள் பிரசாரத்தில் சம்பளமில்லாமல் வேலை செய்யத் தடையில்லை.

விருப்ப வரிசை வாக்கைத்தான் வாசலில் அதிக நேரம் விளக்க வேண்டியிருக்கும். 2021இலிருந்து முதல்நிலைத் தேர்தலில் ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் சுற்றுச்சுற்றாகக் கடைசியில் வருபவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அதில் அடுத்த இடத்தில் உள்ளவருக்குச் சேர்ப்பார்கள். ஒரே பெயரை ஐந்து இடத்திலும் குறித்தால் பலம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரே வாக்காகத்தான் எண்ணப்படும். ஒரே வரிசையில் இருவரைக் குறித்தால் அந்த வரிசையிலிருந்து சீட்டு செல்லாது. ஒருவரை மட்டும் குறித்துவிட்டு அவர் நீக்கப்பட்டால் சீட்டு அங்கேயே தீர்ந்துவிடும். 2021இல் எரிக் ஆடம்ஸ் கேத்ரின் கார்சியாவை 7,197 வாக்குகளில் வென்றார்; கடைசிச் சுற்றை எட்டாமல் தீர்ந்த சீட்டுகளோ ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல். அந்தத் தேர்தலின் வலி அதுதான். 2025இல் மேயர் வேட்பாளர்களான ஸோரான் மம்தானியும் பிராட் லாண்டரும் ஒருவரையொருவர் இரண்டாம் இடத்தில் குறிக்கச் சொல்லி ஆதரவாளர்களைக் கேட்டது இதை மனதில் வைத்துத்தான். நவம்பர் பொதுத்தேர்தலில் வரிசை கிடையாது, ஒரே குறிதான். ஜூனில் சொன்ன பாடத்தை அக்டோபரில் ஒப்பிக்கும் தன்னார்வலர் வாக்காளரைக் குழப்பிவிடுவார்.

கதவு தட்டுவது இருவர் சேர்ந்து, சுமார் மூன்று மணி நேரம். அடுக்ககத்தில் மேல்மாடிக்கு லிஃப்டில் போய்ப் படியில் இறங்கிவர வேண்டும், கால் தாங்கும். பெரும்பாலான கதவுகள் திறக்காது. திறந்தால் பேச்சு முடிந்ததும் ஒன்றிலிருந்து ஐந்துவரை குறியிட வேண்டும்: ஒன்று உறுதியான ஆதரவு, ஐந்து உறுதியான எதிர்ப்பு. மரியாதைக்குத் தலையாட்டியவருக்கெல்லாம் ஒன்று போட்டால் தேர்தல் நாளில் கூப்பிடும் பட்டியலே பாழ். துண்டறிக்கையைக் கதவிடுக்கில் வைக்கலாம். தபால் பெட்டியில் போடுவது மத்தியச் சட்டப்படி குற்றம்.

வாசலில் வாக்குறுதியைச் சரியாகச் சொல்வது இந்த வேலையின் நாணயம். மம்தானியின் ‘வாடகை உயராது’ என்ற வாக்குறுதியைச் சொன்னதும் முகம் மலரும். ஆனால் அது வாடகைக் கட்டுப்பாட்டில் உள்ள சுமார் பத்து லட்சம் வீடுகளுக்கு மட்டும். அதைத் தீர்மானிப்பது ஒன்பது பேர் வாரியம். ஒன்பது பேரையும் நியமிப்பவர் மேயர். 2015, 2016, 2020 ஆண்டுகளில் ஓராண்டு ஒப்பந்தங்களுக்கு உயர்வே இல்லை என்று அது முடிவெடுத்ததும் உண்டு. அவரது இன்னொரு வாக்குறுதியான இலவசப் பேருந்து அப்படியல்ல: போக்குவரத்து ஆணையம் மாநிலத்தின் கையில், செலவுக்காகப் பணக்காரர் மீதான வருமான வரியை உயர்த்த மாநிலத் தலைநகர் ஆல்பனியில் உள்ள சட்டமன்றம் சம்மதிக்க வேண்டும். “இதற்கு மேயர் போராடித்தான் ஆக வேண்டும், உங்கள் சட்டமன்ற உறுப்பினரும் கூட நிற்க வேண்டும்” என்று சொல்லி, அந்த உறுப்பினரின் பெயரையும் அவர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த படி இறங்க வேண்டும்.