பெருக்கல் குறி

மார்ச் 3
நேற்று இரவும் அப்பா காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டுக்கொண்டுதான் தூங்கினார். தொங்கவிட்டால் வலி குறைகிறதாம். கால் சுண்டுவிரல் நுனி அதே கறுப்பு.

மார்ச் 5
ரத்தநாள அறுவை மருத்துவர் ரிப்போர்ட்டைத் தொடவே இல்லை. தொடையிடுக்கு, முழங்காலுக்குப் பின்னால், கணுக்காலின் உள்பக்கம், பாதத்தின் மேல் என்று விரல் வைத்து வைத்துத் துடிப்பைப் பார்த்தார். தொடையிடுக்கில் மட்டும் தலையாட்டினார். அப்புறம் பேனா மாதிரி டாப்ளர் கருவி, ரத்தம் ஓடுவதைச் சத்தமாகக் கேட்க வைப்பது. கையில் வைத்தபோது சாட்டை வீசுகிற சத்தம். பாதத்தில் எங்கோ தூரத்தில் யாரோ தரை பெருக்குகிற மாதிரி. கேட்ட இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி.

கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை ரத்த அழுத்தத்தால் வகுத்தால் 0.9க்குக் கீழே போகக் கூடாது. அப்பாவுக்கு 0.35. சர்க்கரை இருந்தால் இந்தக் கணக்கே ஏமாற்றுமாம். நாளம் இறுகி, அமுக்கினாலும் அமுங்காமல், எண்ணை நல்லதாகக் காட்டுமாம். அப்பாவுக்குச் சர்க்கரை இல்லை. சிகரெட் மட்டும். மட்டும்!

மார்ச் 6
குறி அழிந்துவிடப் போகிறது, பார்த்துக் குளியுங்கள் என்றேன். முறைத்தார்.

மார்ச் 8
ரத்தநாளங்களைக் காட்டும் ஆஞ்சியோ படத்தில் தொடை நாளம் பாதியில் காணாமல் போய், முழங்காலுக்குக் கீழே நூலாகத் திரும்ப வருகிறது. 1964இல் சார்லஸ் டாட்டர் என்ற அமெரிக்க மருத்துவர் 82 வயதுப் பெண்மணி ஒருவருக்குக் கத்தி வைக்காமல் குழாய் நுழைத்தே அடைப்பைத் திறந்திருக்கிறார். அதைச் சொல்லி, குழாய் வழியாக உள்ளே விட்டு ஊதித் திறக்கும் பலூன் போதாதா என்று மருத்துவரிடம் கேட்டேன். "அது குட்டி அடைப்பும்மா. இது நீளம், கல்லு மாதிரி."

பைபாஸ்தான், அடைப்பைச் சுற்றிக்கொண்டு ரத்தம் போக மாற்று வழி. அப்பாவின் சிரையையே, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நாளத்தையே எடுத்து, தலைகீழாகத் திருப்பித் தைப்பார்களாம். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் ஒரு பக்கம்தான் வழிவிடும்.

திருப்ப மறந்துவிட்டால்?

மார்ச் 11
தலையணை உறைக்குள் ஒரு பாக்கெட். பேசவில்லை.

மார்ச் 12
7.40க்கு உள்ளே. தைப்பதற்கு முடி மாதிரி நூலாம். 1912இல் நோபல் வாங்கிய அறுவை மருத்துவர் அலெக்சிஸ் கரேல், நாளத்தின் வட்ட வாயை மூன்று இடத்தில் நூலால் இழுத்து முக்கோணமாக்கித் தைத்தார் என்று படித்துக்கொண்டிருக்கிறேன். அவர் தையல் பழகியது ஒரு எம்பிராய்டரிக்காரம்மாவிடம். பத்து தடவை படித்துவிட்டேன்.

1.15க்கு மருத்துவர் வெளியே வந்தார். "திருப்பித்தானே வச்சீங்க?" என்று கேட்டுவிட்டேன். சிரிக்கவில்லை. "எடுத்ததுமே ஒரு முனைல அடையாளம் போட்டுடுவோம். உங்க பயம்தான் எங்க பயமும்."

மார்ச் 13
மணிக்கொரு தடவை நர்ஸ் ஜெல் தடவி டாப்ளரை வைக்கிறார். சாட்டை. பாதம் சூடாக, வீங்கி இருக்கிறது. புதுக் குறி.

மார்ச் 14
சாட்டை, சாட்டை, சாட்டை. இரவு 3 மணிக்கு மட்டும் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. கருவியில் பேட்டரி தீர்ந்திருந்தது. என் கை இப்போதும் நடுங்குகிறது.

மார்ச் 16
சுண்டுவிரல் போகும். ஆனால் இப்போது இல்லை. கறுப்புக்கும் உயிருள்ள தோலுக்கும் நடுவே கோடு தெளிவாக விழட்டும், அவசரப்பட்டால் நல்ல சதையும் சேர்ந்து போகும் என்கிறார். வெட்டத் தெரிந்தவர் இவ்வளவு காத்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

மார்ச் 17
கோடு இன்னும் விழவில்லை.